கார்த்திகையில் வந்த சில்லு

அல்பேட்டின் மேசை லாச்சியை இழுத்தால் முதலில் உருண்டு வருவது தேசிக்காய். அதற்குப் பின்னால் குங்குமச் சிமிழ், சந்தனக் கட்டி, நாலைந்து பேனா, கடைசி மூலையில் அவருடைய செபமாலை. மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில், புரோசார்ட்டில் கார் விற்கிற மனிதனின் லாச்சிக்குள் இதெல்லாம் எதற்கென்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். இவையும் காரின் உதிரிப்பாகங்கள்தான் என்று அல்பேட் பிரெஞ்சில் சொல்லிவிட்டு லாச்சியை மூடிவிடுவார்.

மன்னார் பேசாலையில் பிறந்து, கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த கத்தோலிக்கர் அவர். ராகுகாலம் என்றால் என்னவென்று மொன்றியலுக்கு வந்து கார் விற்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். அதுவும் பட்டுத்தான் தெரிந்தது. முதன்முதலாக ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்குக் காரை விற்றுச் சாவியை நீட்டியபோது அந்த வீட்டம்மா மணிக்கூட்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் அல்பேட்டை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, வெளியே போய்க் குளிரில் நின்றார்கள். ராகுகாலம் முடியும்வரை நின்றார்கள். அன்றைக்கே அல்பேட் தொலைபேசியில் பஞ்சாங்கத்தை இறக்கிக்கொண்டார்.

இப்போது நிலைமை எப்படியென்றால், கார் வாங்காதவர்களும் அவருக்கு அழைக்கிறார்கள். "தம்பி, ஐயருக்கு அடிச்சன், எடுக்கேல்லை. நாளைக்குப் பால் காய்ச்ச எத்தினை மணிக்கு நல்ல நேரம்?" அல்பேட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துச் சொல்வார். அவருடைய மனைவி பிரியந்திக்கு இது பெரிய பகிடி. "ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்கிறியளோ? உங்களிட்டைப் போய்ச் சனம் நேரம் கேக்குது" என்பார்.

கடை முதலாளி ஜில் நல்ல மனிதர். கற்பூரப் புகைக்கு நெருப்பு மணி அடித்து, கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடிய நாளுக்குப் பிறகு, உள்ளே நெருப்பு வேண்டாம், தேங்காயை முற்றத்தில் உடையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். தமிழ்ச் சனம் வந்து கார் எடுக்கிறவரைக்கும் அவருக்கு எல்லாம் சரி.

மின்சாரக் கார் வந்தபோது ஒரு சின்னக் குழப்பம் வந்தது. பொனற்றைத் திறந்தால் எஞ்சினைக் காணோம். பொட்டை எங்கே வைப்பது? ஒரு வீட்டுக்காரர் அதற்காகவே பழையபடி பெற்றோல் காருக்குத் திரும்பப் பார்த்தார். அல்பேட் யோசித்து, மின்சாரம் ஏற்றுகிற இடத்து மூடியில் வைக்கச் சொன்னார். "சாப்பாடு போற வாய் அதுதானே அண்ணை." அது அப்படியே வழக்கமாகிவிட்டது.

மின்சாரக் காரோடு அல்பேட்டுக்கு இரண்டாவது பஞ்சாங்கம் ஒன்றும் வந்து சேர்ந்தது. அது அரசாங்கத்தினுடையது. ஒட்டாவா தந்துகொண்டிருந்த உதவி, 2025 பிறந்த கையோடு காசு தீர்ந்து நின்றுபோனது. கியூபெக் தந்ததும் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் பூட்டிக் கிடந்து, ஏப்ரலில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளிக்குள் காரைப் பதிந்தவர்களுக்குச் சதமும் இல்லை. டிசெம்பர் கடைசிக்குள் பதிகிற புதுக் காருக்கு ஆகக்கூடியது நாலாயிரம் டொலர். ஜனவரி பிறந்துவிட்டால் அதில் பாதி. 2027 பிறந்தால் அதுவும் இல்லை. அரசாங்கத்துக்கும் ராகுகாலம் உண்டு என்று அல்பேட் அடிக்கடி சொல்வார். சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

இந்த இரண்டு பஞ்சாங்கமும் நேருக்கு நேர் மோதிக்கொண்டது புஷ்பராணியின் காரில்.

புஷ்பராணிக்கு வீடு லசாலில். வேலை நகரத்தின் கிழக்கே, துறைமுகத்துக்குக் கிட்ட, உறைய வைத்த மீனைப் பொதி செய்கிற களஞ்சியத்தில். விடியமுன்னம் தொடங்குகிற வேலை. அந்த நேரத்தில் மெற்றோ ஓடாது, பஸ்ஸை நம்பினால் வேலைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரித்தான். இத்தனை வருடமும் கணவர் சிவராசாதான் பழைய காரில் கொண்டுபோய் இறக்கினார். இந்த வருடம் அவருடைய கண்ணில் கோளாறு. இருட்டில் வாகனம் ஓடவே கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். பழைய காருக்கும் மூச்சிழுப்பு. இனி வேலைக்குப் போவதென்றால் புதுக் கார் ஒன்றைப் புஷ்பராணியேதான் ஓடவேண்டும். புஷ்பராணியிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் கோடையில், பகலில், பக்கத்துக் கடைக்குப் போய்வர மட்டும்தான் அதைப் பாவித்தார்.

பனிக்காலத்தில் அவர் ஸ்ரியறிங்கைத் தொடாததற்குக் காரணம் இருந்தது. கனடாவுக்கு வந்து சில வருடங்களில், ஒரு மார்கழியில், இருவரும் ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கினார்கள். வாங்கிய கிழமையே டெக்கறிப் பெருஞ்சாலையில், இரண்டு பக்கமும் கொங்கிறீற்று மதில் நிற்கிற அந்தப் பள்ளத்துக்குள், கார் வழுக்கிப் போய் மதிலில் அடித்தது. ஓட்டியவர் புஷ்பராணி. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. பக்கத்தில் இருந்த சிவராசாவின் கால் முறிந்தது. குளிர் கூடினால் அவர் இன்றைக்கும் தாண்டித் தாண்டித்தான் நடப்பார். மார்கழியில் வாகனம் எடுத்த பிழை என்று பார்க்க வந்த சனமெல்லாம் சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மார்கழி மாதம் ஒரு கரண்டிகூடப் புதிதாக வாங்குவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அல்பேட் வாக்குக் கொடுத்திருந்தார். "அக்கா, கார்த்திகை முடிய முன்னம் கார் வந்திடும். அரசாங்கத்தின்ரை முழுக் காசும் கழியும். நான் பொறுப்பு." முழுக் காசும் கழிந்தால்தான் மாதாமாதம் கட்டுகிற தொகை அவர்களுடைய கைக்கு எட்டும். பாதி கழிந்தால் எட்டாது. புஷ்பராணி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். டிசெம்பர் முதலாம் திகதியிலிருந்து பனிக்கால ரயர் இல்லாமல் கியூபெக் தெருவில் ஓட முடியாதென்பதால், காரில் பூட்ட நாலு சில்லும் ரயரோடு தனியாக வாங்கிக் கடை முற்றத்துக் கொட்டிலில் பெயர் எழுதி வைத்தாயிற்று. கார் மட்டும் வரவேண்டும்.

கார்த்திகையின் கடைசி நாள், டிசெம்பர் நடுவில் வந்த ஒரு திங்கட்கிழமை. காலையில் ஜில் வந்து, கார்களை ஏற்றிவந்த ரயில் மேற்கே எங்கேயோ பனிக்குள் நின்றுவிட்டதாம், கிறிஸ்து பிறந்த நத்தாருக்குச் சற்று முன்னர்தான் வருமாம் என்று சொன்னார். அல்பேட் தொலைபேசியை எடுத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பார்க்கத் தேவையில்லை, இருந்தாலும் பார்த்தார். விடிந்தால் மார்கழி.

லசாலுக்கு அழைத்தபோது சிவராசா எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறவில்லை. "சரி, அப்ப தைப்பொங்கலுக்குப் பேந்து எடுப்பம்."

"அண்ணை, ஜனவரியிலை பதிஞ்சால் பாதிக் காசு போயிடும்."

"போகாது ஐசே. வரிக் காசு தானே? ஏப்ரலிலை வரிக்கணக்குக் குடுக்கேக்கை எழுதி எடுப்பம். எங்கட கணக்காளர் விண்ணன்."

"இது அந்த வரி இல்லை அண்ணை. ஏப்ரலிலை கேக்கேலாது. காரைப் பதியிற திகதி தான் கணக்கு. வாங்குற இடத்திலையே பில்லிலை கழிக்கிறது."

சிவராசா கொஞ்சம் யோசித்தார். "அப்ப பேப்பரை இந்த மாதம் பதிஞ்சிட்டு, காரை உங்கட முத்தத்திலையே வைச்சிருங்கோவன்."

"சாவியைக் கையிலை குடுக்காமல் எங்கட கடையிலை பதியமாட்டினம். அதோடை பேரிலை பதிஞ்சால் கார் உங்கட தானே? மார்கழியிலை வாங்கினதாத் தானே அண்ணை வரும்?"

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று அல்பேட் உடனேயே நாக்கைக் கடித்தார். ஆனால் பொய் சொல்லிக் கார் விற்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தொலைபேசி கை மாறியது. புஷ்பராணியின் குரல் வந்தது.

"தம்பி, உங்களிலை பிழை இல்லை. பாதிக் காசோடை எடுக்க எங்களாலை ஏலாது. மார்கழியிலை எடுக்க என்னாலை ஏலாது. காரை வேறை ஆருக்கும் குடுங்கோ. நான் வேலையை விடுறன் எண்டு சொல்லப்போறன்."

அவர் அழுதிருந்தால் அல்பேட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அல்பேட் ரயிலைத் திட்டினார், பனியைத் திட்டினார், கியூபெக் அரசாங்கத்தைத் திட்டினார், பேசாலையில் பிறந்த தனக்கு மார்கழியோடு என்ன வழக்கு என்று தன்னையும் திட்டினார். திட்டிக் களைத்துப்போய், மற்றவர்களுடைய முகத்தைப் பார்க்க மனமில்லாமல் முற்றத்துக் கொட்டிலுக்குள் போய் நின்றார். எதிரே ரயர்கள் அடுக்கியிருந்தன. ஓர் அடுக்கில் புஷ்பராணியின் பெயர்.

அல்பேட் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சம்பந்தமே இல்லாமல் ஒரு சூட்கேஸ் நினைவுக்கு வந்தது.

போன வருடம் அவருடைய வாடிக்கையாளர் இரவிச்சந்திரன் யாழ்ப்பாணம் போகவிருந்தார். மலிவான ரிக்கெற் கிடைத்தது கூடாத நாளில். மனிதர் ஒரு நல்ல நாள் பார்த்து, ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அல்பேட் வீட்டு வாசலில் வைத்தார். "அண்ணை, இது இஞ்சை இருக்கட்டும். பெட்டி வெளிக்கிட்டால் நான் வெளிக்கிட்ட மாதிரி. இனி எந்த நாளிலை பிளேன் ஏறினாலும் பறவாயில்லை." யாழ்ப்பாணத்தில் அப்படியொரு வழக்கம் இருப்பது அல்பேட்டுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பெட்டியில் தடக்கித் தடக்கிப் பிரியந்தியின் கால் விரல் வீங்கியதும் நினைவிருந்தது.

அல்பேட் ஒரு சில்லை இழுத்துக் கீழே இறக்கினார்.

பஞ்சாங்கத்தின்படி அன்றைக்கு மத்தியானம் கழிந்து ஒரு நல்ல நேரம் இருந்தது. அதற்குள் சம்பிளெய்ன் பாலத்தைத் தாண்டி லசாலுக்குப் போய்விட வேண்டும். சில்லைத் தன் காரின் பின்பக்கம் தூக்கிப் போட்டார். முதுகு ஒருமுறை முனகியது. பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. மோட்சத்தில் இருக்கிற அத்தனை புனிதர்களையும் கூப்பிட்டு, முன்னால் போன பாரவண்டியைக் கொஞ்சம் ஒதுக்கிவிடச் சொல்லி மன்றாடிக்கொண்டே போனார். யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும். நேரம் தப்ப முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கதவைத் திறந்த புஷ்பராணி, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சில்லோடு நிற்கிற அல்பேட்டைப் பார்த்துத் திகைத்துப்போனார். "என்ன தம்பி இது?"

"உங்கட கார் அக்கா. மிச்சம் பேந்து வரும்."

உள்ளேயிருந்து தாண்டித் தாண்டி வந்த சிவராசா வாய்விட்டுச் சிரித்தார். "உமக்கென்ன விசரே? ஒரு சில்லு காராகுமே?"

"அண்ணை, ஒரு பெட்டி வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்ட கணக்கெண்டு உங்கட ஆக்கள் தானே சொல்லுறியள். பெட்டி ஆளாகுமெண்டால் சில்லு காராகாதே? இது உங்கட காசிலை வாங்கின சில்லு. பில் இருக்கு. இண்டைக்குக் கார்த்திகை. இண்டைக்கு உங்கட வாகனம் இந்த வீட்டுக்கு வந்திட்டுது. இனி மார்கழியிலை நடக்கிறது மிச்சத்தைப் பூட்டுறது மட்டும் தான்."

சிவராசா சிரிப்பை நிறுத்தி மனைவியைப் பார்த்தார். புஷ்பராணி சில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கரிய புது ரயர், ஆழமான வெட்டுகள், பனித்துளி ஒட்டியிருந்தது. "கால் கழுவிப்போட்டு வாறன்" என்று உள்ளே போனார்.

திரும்பி வரும்போது கையில் தட்டு. சில்லுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார். தேசிக்காயை நிலத்தில் வைத்தார். அல்பேட் சில்லை நிமிர்த்தி அதன்மேல் உருட்ட, அது நசிந்து சிவராசாவின் காலுறையில் சீறியடித்தது. தேங்காயை வாசற்படியில் உடைத்தார்கள். தெறித்த தேங்காய்ச் சொட்டெல்லாம் பனிக்குள் புதைந்து காணாமல் போனது. பக்கத்து வீட்டில் பனி அள்ளிக்கொண்டிருந்த முதியவர் சவளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒரு சில்லுக்கு மூன்று பேர் நின்று கும்பிடுவதை அவர் முன்னே பின்னே கண்டிருக்கமாட்டார். "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டு மறுபடி அள்ளத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் வீட்டில் நடந்ததைச் சொன்னபோது பிரியந்தி முதலில் சிரித்தார், பிறகு கோபித்தார். "யேசு பாலன் பிறந்த மாதம் எப்பிடிக் கூடாத மாதமாகும்? அண்டைக்கு வழுக்கினதுக்கு மாதமோ காரணம்? அந்த நேரம் ஆர் பனி ரயர் போட்டது?"

"அது எனக்கும் தெரியும். அக்காவுக்கும் உள்ளுக்கை தெரிஞ்சிருக்கும்" என்றார் அல்பேட். "தெரியிறது வேறை, பயம் வேறை."

சில்லு புஷ்பராணியின் சாமித் தட்டுக்குக் கீழே குடியிருந்தது. நத்தாருக்கு முன்னர் கார் வந்தது. சிவராசா பழைய காரின் முன் ஆசனத்தில் சில்லை இருத்தி, பட்டியும் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார். டிசெம்பர் முடிய நாள் மிச்சமிருக்கவே பதிவு முடிந்தது. பில்லில் முழுக் காசும் கழிந்திருந்தது. புஷ்பராணி ஒன்றே ஒன்று கேட்டார்: வீட்டுக்கு வந்த சில்லை முன்னுக்கு, சாரதிப் பக்கம் பூட்ட வேண்டும். அல்பேட் கராச்சில் சொல்லிவைத்தார். அங்கே வேலை செய்கிற பெடியன் சுத்தமான பெடியன். பூட்டமுன்னர் நாலு சில்லையும் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டான். பொட்டும் போனது, சந்தனமும் போனது. எது எதுவென்று கடவுளுக்குத்தான் தெரியும். அல்பேட் முன் சில்லைக் காட்டி, "இதுதான் அக்கா" என்றார். பொய் சொல்லிக் கார் விற்பதில்லை என்று சொன்னேனே, கார் விற்ற பிறகு சொன்ன பொய் அது. புஷ்பராணி காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு ஏறினார்.

இதற்கிடையில் கதை பரவிவிட்டது. "அண்ணை, எங்கட காரும் பிந்துதாம். எங்களுக்கும் ஒரு சில்லுக் கொண்டு வருவியளோ?" என்று அழைப்புகள் வந்தன. மார்கழி பிறந்துவிட்டதே என்று அல்பேட் சொன்னால், நல்ல நேரம் ஏதும் மிச்சம் கிடக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார்கள்.

நத்தார்க் காலை அல்பேட்டின் சொந்தக் கார் கிளம்ப மறுத்துவிட்டது. ஊருக்கெல்லாம் புதுக் கார் விற்கிறவரின் கார் பதினாலு வருடப் பழசு. பிரியந்தி பட்டுச்சேலைக்கு மேல் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தமிழ்ப் பூசை தொடங்க அதிக நேரமில்லை. "நேரம் சொல்லுற பெரிய மனிசன்" என்று அவர் தொடங்கியபோது, சத்தமே இல்லாமல் ஒரு புதுக் கார் வந்து வாசலில் நின்றது. சாரதி ஆசனத்தில் புஷ்பராணி. பின்னால் மடியில் சட்டியோடு சிவராசா.

"இண்டைக்குப் பிள்ளையார் கதை விரதம் முடியிற நாள்" என்றார் புஷ்பராணி கண்ணாடியை இறக்கி. "மோதகம் கொண்டந்தனான். உங்கட பெருநாளும் தானே. என்ன, கார் குழப்படியோ? ஏறுங்கோ. கோயிலிலை இறக்கிவிடுறன்."

கோயில் சென் லோறன் பக்கம். குறுக்கு வழி டெக்கறியால். பாலத்தில் ஏறும்போதே பனி தூறத் தொடங்கியது. முன்னால் இருந்த அல்பேட் தன் பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "அக்கா, உள்றோட்டாலை போவமே? கொஞ்சம் பிந்தினாலும் பறவாயில்லை. சாமியார் என்னை எதிர்பார்க்கமாட்டார்."

"நான் வேலைக்குப் போறது வேறை றோட்டாலை" என்றார் புஷ்பராணி. "இந்த றோட்டுக்கு இண்டைக்குத் தான் வாறன்."

கார் பள்ளத்துக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் மதில் எழும்பியது. சிவராசா ஒரு கையால் சட்டியையும் மறு கையால் கதவுப் பிடியையும் இறுக்கிக்கொண்டார். புஷ்பராணி வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஓரிடத்தில் வலது பக்கத்து மதிலை ஒருமுறை பார்த்தார்.

"இஞ்சை தான்" என்றார்.

கண்ணாடித் துடைப்பான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. அந்த இடம் பின்னால் போனது. பிறகு பள்ளம் முடிந்து, மதில் பதிந்து, கார் மேலே வெளிச்சத்துக்கு ஏறியது. சிவராசா பிடியை விட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. டொக்டர் சொன்ன கோளாறு அதற்குக் காரணமில்லை.

அல்பேட்டால் பொறுக்க முடியவில்லை. நத்தாரும் அதுவுமாகப் பொய்யோடு பூசைக்குப் போக மனம் வரவில்லை. "அக்கா, ஒண்டு சொல்லவேணும். அந்தச் சில்லு... கழுவிப்போட்டாங்கள். முன்னுக்குப் பூட்டினது அதுதானோ எண்டு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் தம்பி. அது பின்னுக்கு, மற்றப் பக்கத்திலை கிடக்கு. வெட்டுக்குள்ளை குங்குமம் இன்னும் போகேல்லை. காரை எடுத்த அண்டைக்கே கண்டிட்டன்."

"கண்டிட்டோ இவ்வளவு நாளும் ஓடினனீங்கள்? கண்டிட்டோ இந்த றோட்டுக்கு வந்தனீங்கள்?"

"ஓம்" என்றார் புஷ்பராணி. கோயில் பக்கம் திரும்புவதற்குச் சமிக்ஞையைப் போட்டார். "அங்கை பாருங்கோ, மணி அடிக்குது. இறங்கி ஓடுங்கோ, இண்டைக்காவது நேரத்துக்குப் போய்ச் சேருங்கோ. மோதகம் பூசை முடிய."